யூரோப்புக்கு வாய் எங்கே இருக்கிறது?

முதல் மாலையைத் தவறான ஆளின் கழுத்தில் போட்ட மடையன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையை அங்கேயிருந்துதான் தொடங்குவார்கள், அதுவும் பல்லைக் காட்டிக்கொண்டு. என் பெயர் ரொபர்ட். மெதகந்தை ரப்பர் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் பிறந்து, கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லை பஸ் ஸ்டாண்டில் த்ரீவீல் ஓட்டுகிறவன். என்னைப் பற்றி இவ்வளவு போதும். சொல்ல வந்தது ஜொய்சி அக்காவைப் பற்றி.

ஜொய்சி அக்காவுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. எங்கள் ஓரறை வீடான காமராவிலிருந்து மூன்றாவது காமரா அவளுடையது. பதினேழு வயதில் ரப்பர் பால் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தவள். அவளைக் கட்டிய சுமன் கொழும்புக்கு வேலைக்குப் போனான்; போனவன் அங்கேயே இன்னொரு குடும்பத்தைத் தொடங்கிவிட்டான். செய்தி வந்த அன்று லயமே கூடி நின்று ஒப்பாரிக்குக் காத்திருந்தது. அவள் அழவில்லை. "போனது சனியன், இருக்குறது எம் புள்ள" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை பால் வெட்டப் போனாள். ஆறு வயது மகள் சரோனைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, 2012இல் வீட்டு வேலைக்கு சைப்ரஸுக்கு விமானம் ஏறினாள்.

சைப்ரஸ் எங்கே இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. துபாய்க்குப் பக்கம் என்றான் ஒருவன். இல்லை, அது யூரோப் என்றார் ஆபீஸ் கிளாக்கர் மெல்வின். உடனே அவளுக்கு மரியாதை கூடிவிட்டது. துபாய்க்குப் போனால் வேலைக்காரி, யூரோப்புக்குப் போனால் பெரிய மனுஷி! எங்கள் சனத்துக்கு யூரோப் என்றால் ஒரே வெள்ளைக்காரன். தொப்பி போட்டுக்கொண்டு, கையில் பிரம்போடு, குதிரையில் வந்து போன அந்தப் பழைய துரைதான். அவனுக்கு அண்ணன் தம்பி இருப்பார்கள், அவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வார்கள் என்று நினைத்துப் பார்த்தவர்கள் நாங்கள் இல்லை.

அங்கே அவள் பார்த்துக்கொண்டது எலெனி என்ற எண்பது வயதுக் கிரேக்கக் கிழவியை. நல்ல வாய்க்காரி. 1974இல் துருக்கிப் படை வந்தபோது வடக்கே இருந்த ஊரை விட்டு ஓடி வந்தவள். அந்த ஊர் ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான். ஆனால் அவள் வீட்டில் இப்போது வேறு யாரோ இருந்தார்கள். பழைய வீட்டுச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருப்பாளாம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மகன் ஒட்டிய யூரோப்பின் நீலக் கொடி, வட்டமாகப் பன்னிரண்டு நட்சத்திரம். கோபம் வரும்போதெல்லாம் கிழவி அந்தக் கொடியைத்தான் திட்டுவாள்.

"நான் யூரோப்புன்னு பாஸ்போட்டுல அடிச்சுக் குடுத்தானுவளே, எம் வீட்டுக் கதவத் தொறந்து குடுத்தானுவளா?" ஜொய்சி அக்கா கிழவியைப் போலவே கையை ஆட்டி எங்களுக்கு இதை நடித்துக் காட்டுவாள்.

அவள் போன மறு வருஷம் அந்த நாட்டில் வங்கிகளையெல்லாம் இரண்டு வாரம் போல மூடிவிட்டார்கள். கிழவி நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் வங்கி வாசலில் உட்கார்ந்து, கடனுக்கு நிபந்தனை போட்ட ஜெர்மன்காரர்களின் ஏழு தலைமுறையைச் சபித்தாள். அவள் பெற்ற மகனே ஜெர்மனியில்தான் வேலை பார்த்தான். பக்கத்துக் கடையில் தானியேலா என்று ஒரு ருமேனியாக்காரி இருந்தாள். அவளுடைய பாஸ்போர்ட்டிலும் அதே யூரோப்தான். இருந்தும் அவள் பொதி கட்டித் தந்தால், இன்னொரு முறை பிரித்துப் பார் என்று கிழவி சொல்லி அனுப்புவாள். மேட்டில் குடியிருந்த வெள்ளைக்கார இங்கிலீஷ்காரர்களோ, விமானம் ஏறும்போது "யூரோப்புக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். அப்படியானால் இத்தனை நாள் எங்கே குந்தியிருந்தார்களோ!

லீவில் வந்திருந்தபோது ஒருநாள் நான் கேட்டேன்.

"அப்ப அந்த யூரோப்னா என்னாதான் அக்கா?"

"நம்ம தோட்டம் மாதிரிதான் தம்பி. போர்டுல ஒரே பேரு. தண்ணி மொதல்ல மேல் டிவிசனுக்கு, மிஞ்சுனா நமக்கு. மேல் டிவிசன்காரன் கீழ் டிவிசனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டான். ஆனா வெளியாளு வந்து கேட்டா எல்லாரும் நெஞ்ச நிமித்திக்கிட்டு 'நாங்க மெதகந்தை'ம்பாங்க."

"அதுல நீங்க எந்த டிவிசன்?"

"நானா? நான் கைக்காசு" என்றாள். செக்ரோல் என்ற சம்பளப் பதிவில் பெயர் இல்லாமல் அன்றன்றைக்குச் செய்கிற கூலி வேலைக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

2019இல் கிழவி இறந்தாள். கிழவியோடு விசாவும் முடிந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த மகன் ஜொய்சி அக்காவைக் கட்டிப்பிடித்து, நீயும் எங்கள் குடும்பம்தான் என்று அழுதானாம். அழுது முடித்ததும் வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டானாம். ஏழு வருஷம் பீ மூத்திரம் அள்ளியவளுக்கு ஊரைவிட்டுப் போக ஒரு மாதத் தவணை கிடைத்தது. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் யாரையும் நடித்துக் காட்டுவதில்லை.

திரும்பி வந்தவள் நகை வாங்கவில்லை, வீட்டில் கலர் பெயின்ட் அடிக்கவில்லை. குருணாகல் பக்கம் போய் ஒரு ஜேர்சிப் பசுவைப் பார்த்து வாங்கி லொறியில் ஏற்றி வந்தாள். லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் எங்கள் பாட்டன் காலத்திலிருந்து ஆளுக்கொரு துண்டில் மரக்கறி போட்டு வருகிறோம். அவளுடைய துண்டில் கொட்டில் கட்டினாள். சீமெந்துத் தரை, தகரக் கூரை, குழாய்த் தண்ணீர். எங்கள் காமராக்களுக்கே அந்த வசதி இல்லை. பசுவுக்கு எலெனி என்று பெயர் வைத்தாள். "ஒதைப்பா, ஆனா மனசு நல்லம்" என்றாள். பால் சென்டருக்குக் காலையும் மாலையும் பால் போனது. இன்றைக்கு சரோன் ஆஸ்பத்திரித் தாதி வேலைக்குப் படிக்கிறாள் என்றால் அது எலெனி கொடுத்த படிப்பு.

போன வருஷம் ஒரு காலை, வேலை பிரிக்கக் கூடுகிற பெரட்டுக்களத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் அடித்திருந்தார்கள். தமிழ் மறந்துவிட்டதாம், எப்போதும் மறந்துவிடும். கிளாக்கர் மெல்வின் ஒரு கல்லில் ஏறி நின்று தமிழில் சொன்னார்.

"யூரோப் சொல்லிருச்சு. நம்ம ரப்பர வாங்குற எடத்துலருந்து பதினெட்டாந் தேதி பாக்க வாறாங்க. அதுக்கு முந்தி லயத்துக்குப் பின்னால இருக்குற மாட்டுக் கொட்டில் எல்லாத்தயும் கழட்டிறணும். கொட்டில் இருந்தா அவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க. கையெழுத்து இல்லாட்டி ரப்பர் போகாது. ரப்பர் போகாட்டி உங்களுக்கு வேலையும் இல்ல."

மூன்று கொட்டில்கள் இருந்தன. இரண்டு கொட்டில்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். ஜொய்சி அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, யூரோப் சொல்லிருச்சுன்னீங்களே. அதுல யாரு சொன்னது?"

"யூரோப்புதான்."

"அதான் ஐயா கேக்குறேன், யாரு? யூரோப்புக்கு வாய் எங்க இருக்கு? ஏழு வருஷம் அங்க இருந்தேன், ஒருநாளும் அது வாயத் தொறந்து நான் பாக்கல. கிரேக்கன் பேசுனான், ஜெர்மன்காரன் பேசுனான், ஒருத்தன் பேச்ச ஒருத்தன் கேக்கல. அதுல யாரு ஐயா மெனக்கெட்டு எம் மாட்டப் பத்திப் பேசுனது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மெல்வினுக்கு முகம் கறுத்துவிட்டது. "வந்துட்டா சைப்ரஸ் மகாராணி! தொரை உத்தரவு, கழட்டுன்னா கழட்டு!"

"இப்ப தொரை உத்தரவா? முன்ன யூரோப்புன்னீங்க!"

அன்று சிரித்த வாய்களே மறுநாள் அவளைத் திட்டின. மற்ற இரண்டு கொட்டில்களும் ஒரே நாளில் பிரிந்து விறகாகிவிட்டன. உன் ஒரு மாட்டால் எங்கள் எல்லாருடைய வயிற்றிலும் மண் விழ வேண்டுமா என்று தண்ணீர்க் குழாயடியில் வைத்துக் கேட்டார்கள். சொந்தத் தங்கச்சியே பேச்சை நிறுத்தினாள். நானும் என் பங்குக்குப் போனேன்.

"அக்கா, ஒரு நாலு நாளைக்கி எங்க மாமா வீட்டுல மாட்டக் கட்டுவோம். அவங்க வந்து பாத்துட்டுப் போவட்டும்."

"மாட்டக் கூட்டிட்டுப் போனா கொட்டில் போகும். கொட்டில் போனா எடம் போகும். போன எடம் நம்ம சனத்துக்கு எப்பயாச்சும் திரும்பி வந்திருக்கா? ஒன்னே ஒன்னு சொல்லு பாப்பம்."

எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது தோட்ட மனேஜராக இருக்கும் சிங்களத் துரை வேறு வழியில் வந்தார். அவளுக்கு இங்கிலீஷ் வரும், சிங்களமும் தண்ணீர் பட்ட பாடு. வருகிறவர்களுக்கு மாலை போட்டு வரவேற்க அவளையே நிறுத்தினால் வாய் அடங்கும் என்று அவருக்கு எண்ணம். மாலை போடுவதென்றால் எங்களுக்கு அது பெரிய கௌரவம். யார் போடுவது என்று கோயில் திருநாளில் கைகலப்பே நடந்திருக்கிறது. பதினேழாம் தேதி பின்னேரம் இரண்டு செவ்வந்தி மாலைகள் வந்தன. உயரமாக இருக்கிறேன் என்று ஒன்றை எனக்குத் தந்தார்கள். மற்றதை மெல்வினே கொண்டு போய் ஜொய்சி அக்காவிடம் கொடுத்தார். அவள் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அடங்கிவிட்டாள் என்று ஆபீசில் ஒரே சந்தோஷம். அவளைத் தெரிந்த நான் மட்டும் அதை நம்பவில்லை.

மறுநாள் பெரட்டுக்களத்தில் தோரணம், தப்பு மேளம், பொட்டுத் தட்டு. ஜொய்சி அக்காவைத்தான் காணவில்லை. பத்து மணிக்கு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவன் ஆறடி உயரம், மஞ்சள் தலைமுடி, வெயிலில் சிவந்த மூக்கு. பின்னால் ஒரு பெண் இறங்கினாள். எங்கள் நிறம், எங்கள் முகவெட்டு, தோளில் ஒரு பை. கொழும்பிலிருந்து மொழிபெயர்க்க வந்த பிள்ளையாக்கும் என்று நினைத்தேன். தப்பு முழங்கியது. நான் மஞ்சள் தலைக்காரனின் கழுத்தில் மாலையைப் போட்டேன். பொட்டு வைத்தார்கள், கைதட்டினார்கள். படம் பிடிக்கும்போது மெல்வின் அந்தப் பெண்ணைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோவுல விழுறீங்க" என்றார். அவளுக்குத் தமிழ் விளங்கவில்லை. கை காட்டியது விளங்கியது, தள்ளி நின்றாள்.

மஞ்சள் தலைக்காரன் மாலையைக் கழற்றிக்கொண்டே பதறினான். தான் ஆஸ்திரேலியாக்காரன், கொழும்பில் இருந்துகொண்டு படம் எடுத்துக் கொடுப்பவன், இன்றைக்குக் கூலிக்கு வந்தவன் என்றான். அந்தப் பெண்ணைக் காட்டி, "இவர்தான் நெதர்லாந்திலிருந்து வந்த அதிகாரி" என்றான். பெயர் சுனிதா ராம்லால். கையெழுத்து அவளுடையது.

தப்புக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. அவளும் என்னைப் போல் கறுப்புதான். அதனால்தான் அவளை நான் பார்க்கவே இல்லை. வெள்ளைத் தோலைக் கண்டால் எங்கள் கை தானாக எழும்புகிறது. நூற்றைம்பது வருஷப் பழக்கம், தூ!

"ரெண்டாவது மால எங்க? மால எங்கடா?" என்று மெல்வின் ஓடினார். அப்போதுதான் லயத்துப் பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்டது. ஜொய்சி அக்கா எலெனியைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். செவ்வந்தி மாலை எலெனியின் கழுத்தில் ஆடியது. மாட்டுப் பொங்கலைத் தவிர வேறு நாளில் மாட்டுக்கு மாலை விழுந்து நாங்கள் பார்த்ததில்லை.

அவள் ஆஸ்திரேலியாக்காரனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே சுனிதாவிடம் போய் நின்றாள். எப்படி ஆளைக் கண்டுபிடித்தாள் என்று பிறகு கேட்டேன். "மேட்டுல நின்னு பாத்தேன். எல்லாரும் தொரை மொகத்தப் பாத்தீங்க. அவ மட்டும் ரப்பர் மரத்தப் பாத்தா. வேலைக்கு வந்தவ அவதானே" என்றாள். சைப்ரஸில் அவள் பார்த்த யூரோப்பில் எல்லா நிறமும் இருந்ததாம்.

அவள் இங்கிலீஷ் உடைந்த இங்கிலீஷ். ஆனால் ஒரு சொல்லும் தடுமாறவில்லை. அவள் கேட்டது இதுதான்: "மேடம், மால உங்களுக்கு வந்தது. மாட்டுக்குப் போட்டுட்டேன், மன்னிக்கணும். உங்க பேரச் சொல்லித்தான் இவளத் தொரத்துறாங்க. மாடு இருந்தா கையெழுத்துப் போட மாட்டேன்னு யூரோப் சொன்னிச்சாம். நீங்க சொன்னீங்களா?"

துரை குறுக்கே புகுந்து சுத்தம், சுகாதாரம் என்று என்னவோ தொடங்கினார். சுனிதா கையைக் காட்டி நிறுத்தினாள். பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "காட்டை வெட்டி ரப்பர் நட்டீர்களா என்று இதில் கேள்வி இருக்கிறது. பிள்ளைகளை வேலைக்கு வைக்கிறீர்களா என்று இருக்கிறது. மாடு எங்கேயும் இல்லை" என்றாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கொட்டிலைப் பிரித்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுனிதா இன்னொன்றும் சொன்னாள். "ஆனால் தோட்டத்தை நடத்துவது நான் இல்லை. கொட்டில் இருக்கட்டும் என்று உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லை."

"அத நான் கேக்கல மேடம். நீங்க சொல்லலன்னு சொன்னீங்களே, அது போதும்" என்றாள் ஜொய்சி அக்கா.

மத்தியானம் மரங்களைப் பார்த்து முடித்துவிட்டு, சுனிதா தானாகவே கொட்டிலுக்கு வந்தாள். எலெனியின் பாலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தோம். அவளுடைய பூட்டனை வட இந்தியாவிலிருந்து சூரினாம் என்ற தேசத்துக்குக் கரும்பு வெட்டக் கப்பலில் கொண்டு போனார்களாம். தாயும் தகப்பனும் அங்கேயிருந்து நெதர்லாந்து போனார்கள். இவள் பிறந்தது ரோட்டர்டாமில்.

"ஒங்கள அங்க எந்த ஊருன்னு கேப்பாங்களா?" என்றாள் ஜொய்சி அக்கா.

"தினமும். ரோட்டர்டாம் என்பேன். அது சரி, உண்மையில் எந்த ஊர் என்பார்கள்."

ஜொய்சி அக்கா தொடையில் தட்டிச் சிரித்தாள். "எங்களயும் அதேதான்! கேகாலைன்னு சொன்னா, ஆ ஹரி, அது சரி, மெய்யாலும் எந்த ஊரு, இந்தியாவாம்பான்."

சுனிதாவும் சிரித்தாள். வெளிநாட்டுக்கு வரும்போதுதான் தன்னை ஐரோப்பாக்காரி என்று ஆட்கள் ஒப்புக்கொள்வார்கள் என்றாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இன்று காலை அதுவும் போய்விட்டது" என்றாள். நான் எலெனிக்குப் புல் எடுத்துப் போடுகிறவன்போல அந்தப் பக்கம் போய்விட்டேன். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

வேன் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. துரை மெல்வினோடு கொட்டிலுக்கு வந்தார். லயம் முழுவதும் பின்னால் வந்து நின்றது. துரை சிங்களத்தில் சத்தம் போட்டார். "யூரோப் சொல்லவில்லை, சரி. இப்போது நான் சொல்கிறேன். கழற்று!"

ஜொய்சி அக்கா எலெனியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். சிங்களத்திலேயே பதில் சொன்னாள். பிறகு எங்களுக்காக அதையே தமிழில் சொன்னாள்.

"நல்லது தொரை, இதத்தான் நானும் கேட்டேன். ஒங்க பேருல எழுதுங்க. ஏன் கழட்டணும்னு எழுதி, கீழ கையெழுத்துப் போடுங்க. தமிழ்லயும் எழுதுங்க. யூரோப்போட சண்ட போட எனக்கு விசா வேணும். ஒங்களோட சண்ட போட எனக்கு என்னா வேணும்?"

யாரும் சிரிக்கவில்லை. மெல்வின் வழக்கம்போலச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் துரையிடம் நீட்டினார். துரை வாங்கவில்லை. அந்தத் துண்டில் தனக்கென்று வாழை வைக்கிற யோசனை அவருக்கு இருந்ததாகவும், அது கம்பெனிக்கே தெரியாது என்றும் பிறகு கேள்விப்பட்டோம். எழுதிக் கொடுக்க முடியாத உத்தரவு அது. அவர் ஜீப்பில் ஏறிப் போனார். பேனா மெல்வினின் நீட்டிய கையிலேயே இருந்தது.

கொட்டிலைப் பிரித்த இருவரும் அந்த ஞாயிற்றுக்கிழமையே திரும்பக் கம்பு நட்டார்கள். ஜொய்சி அக்கா போய்த் தகரம் பிடித்தாள். தங்கச்சி பேசத் தொடங்கிவிட்டாள். துரை இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. எலெனி இந்தத் தையில் கன்று போட்டாள்.